சின்னம்மாவின் வயது

என் வேலை வயதைப் பற்றியது. உடம்பில் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று சில நின்றுவிடும். ஆனால் சாகவும் சாகாது. வயது ஏற ஏற இப்படி வேலைநிறுத்தம் செய்யும் செல்கள் கூடிக்கொண்டே போகும். அவை ஏன் நிற்கின்றன என்று பார்க்கத்தான் தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் தெருவிலோ, "கெழவியாவாம இருக்க மருந்து கண்டுபிடிக்கிறா" என்று பேச்சு. நான் மறுத்ததில்லை. தானாக வரும் மரியாதையைக் கெடுத்துக்கொள்வானேன்.

எனக்கென்று தனியாகக் கிடைத்த முதல் ஆய்வு அது. வயல்வேலை செய்து வயதானவர்களின் ரத்தத்தையும், நகரத்தில் உட்கார்ந்தே வயதானவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். வயல்காரர்களை நான் எங்கே போய்த் தேடுவது? எங்கள் தெருவே நடவும் களையெடுப்புமாக முதுகு வளைந்த தெரு. அம்மா முன்னால் நின்று ஆள் திரட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பன்னும் கொடுத்தோம். ஆதார் அட்டையைப் பார்த்து வயதைக் குறித்துக்கொண்டு, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டோம். எது யாருடைய ரத்தம் என்று எனக்கே தெரியக்கூடாது என்பது விதி.

முடிவு வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் தெருவில் அறுபத்தைந்து வயதுக்காரர்களின் செல்கள் ஐம்பத்தைந்து போலக் காட்டின. ஒருவர் இருவர் அல்ல, ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படித்தான். லேசில் சிரிக்காத என் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "சேத்துல என்னமோ இருக்கும்மா" என்றார். பெங்களூர் கருத்தரங்கில் நான் பேசுவதாக ஏற்பாடாயிற்று. அந்தப் பேச்சு எடுபட்டால் ஆய்வு தொடரும், வேலை நிலைக்கும். இல்லையென்றால் நான் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். வீட்டில் அம்மாவோடு அவள் தங்கை, என் சின்னம்மா, உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா இறந்துபோன பிறகு சின்னம்மா தனி ஆள், பக்கத்து வீடு. அவளும் ரத்தம் கொடுத்திருந்தாள்.

"நம்ம தெருவுல எல்லாருக்கும் பத்து வயசு கம்மியாக் காட்டுது சின்னம்மா" என்றேன் பெருமையாக.

சின்னம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறெங்கோ பார்த்தாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சின்னம்மாவுக்குப் புரையே ஏறிவிட்டது.

"கம்மியாக் காட்டாம என்ன செய்யும்? ஆதார் எடுக்க வந்தப்ப தெருவோட வயசைக் கூட்டித்தான் சொன்னோம். அப்பதான முதியோர் பென்ஷன் வெரசா வரும். ஒங்கம்மா ஒருத்திதான் பயந்துகிட்டு உள்ளதைச் சொன்னா."

என் முகத்தில் ஈயாடவில்லை. அட்டைப்படி சின்னம்மாவுக்கு அறுபத்தாறு, அம்மாவுக்கு அறுபத்திரண்டு. அப்படியானால் நான் இவளைப் பெரியம்மா என்றல்லவா கூப்பிட வேண்டும்.

"ஏம்மா சொல்லல?"

"நீ வயசையா கேட்ட? அட்டையைத்தானே கேட்ட" என்றாள் அம்மா.

சின்னம்மாவின் சிரிப்பு திடீரென்று அடங்கியது. "இதை எழுதிப்புடுவியா பாப்பா? பென்ஷனை நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"யார் பேரும் எங்கயும் வராது சின்னம்மா. பயப்படாத" என்றேன். பயம் எனக்குத்தான் இருந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் போய், "சார், என் சின்னம்மா என் அம்மாவுக்கு மூத்தவங்களாயிட்டாங்க" என்று ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டோம். "சரியான வயசைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் ஆய்வை நான் இழுத்துப் பிடிக்கிறேன்" என்றார்.

வழி 'சின்னம்மா' என்ற அந்த வார்த்தையிலிருந்தே கிடைத்தது. அட்டைக்கு எந்த வயதையும் சொல்லலாம். ஆனால் ஒரு மாதம் இளையவளைக்கூட எங்கள் தெருவில் யாரும் அக்கா என்று கூப்பிட மாட்டார்கள். வீடு வீடாகப் போய், யாரை அக்கா என்பாய், யாரை அண்ணன் என்பாய், யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். தெரு முழுக்க வயது வரிசையில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிறந்ததால் தேதி தெரிந்த ஓரிருவரை நடுவில் வைத்து மற்றவர்களின் வயதைக் கணக்கிட்டேன். பெயர்ப் பட்டியலைப் பூட்டி வைத்திருந்த பேராசிரியர் அந்த வயதுகளை எண்களோடு சேர்த்துக் கொடுத்தார். பார்த்தால், எங்கள் தெருச் செல்களுக்கும் நகரத்துச் செல்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சேற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் பிறந்த தேதி தெரியாத ஊரில் வயதைக் கணக்கிடும் இந்த வழி பலருக்குப் பிடித்துப்போய், அதைப் பற்றிப் பேசத்தான் அடுத்த வருடம் பெங்களூர் போனேன். வேலையும் தங்கியது.

ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது சின்னம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு என்ன வயசுன்னு வந்துச்சு?"

"அம்பத்தெட்டு."

கையை நிறுத்தினாள். "ஒங்க சித்தப்பா போனப்ப?"

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். "முப்பத்தாறு."

அலசிய மீனையே மறுபடி அலசினாள். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிறியாடின்னு ஒங்கம்மா அன்னைக்கே கேட்டா. இந்த வயசுலயான்னு அவள அடிக்கப் போனேன் பாப்பா."