குடங்களுக்குப் பின்னால்

அம்மாவின் முகம் பாதிக் கொட்டாவியில் நின்றுவிடும். அவளுக்குப் பின்னால் ஜன்னல் திரை காற்றில் உப்பியபடியே நிற்கும். முன்னறையில் என் மடிக்கணினிக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே ஸ்ரீரங்கத்து வீதியில் ஆட்டோ போகும், பூக்காரி கூவிக்கொண்டே கடந்து போவாள். வீட்டுக்குள் மட்டும் யாரோ பொழுதை நிறுத்தி வைத்துவிட்ட மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் கண் சொக்கும். பிறகு திடீரென்று பயம் வரும். எழுந்து ஓடுவேன்.

ஓடுவதற்குக் காரணம் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து, புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, அம்மா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். "தனியா எழுந்திருக்க விடாதீங்க. இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா அப்புறம் நடக்கறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவோ யாரையும் கூப்பிடுகிற ஜாதி இல்லை. பால் பொங்குகிற வாசனை வந்தால் போதும், காலைக் கீழே போட்டுவிடுவாள். கட்டிலருகே ஒரு மணி வைத்தேன். "மணி பெருமாளுக்கு அடிக்கறது. எனக்கெதுக்குடி?" என்று அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னறையில் நான் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், கடைசி அறையில் அம்மா இருமுவதுகூடக் காதில் விழாது. அதனால் பழைய மடிக்கணினி ஒன்றைத் தூசி தட்டி அவள் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். வீட்டு வைஃபை வழியாக அதன் கேமராப் படம் என் கணினியின் மூலையில் சின்னச் சதுரமாக வந்து நிற்கும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதாக எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை காலையிலேயே பல்லிளித்தது. நான் வேலையைத் தொடங்கும் நேரத்தில் படம் விக்கத் தொடங்கும். நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, மத்தியானம் தாண்டியும் இதே கதைதான். சாயங்காலம் ஆக ஆகத் தெளியும். விளக்கேற்றும் வேளையில், புடவைக் கரையின் இழைகூடத் தெரிகிற அளவுக்குத் துல்லியமாக இருக்கும்.

"எதுக்கு இந்தப் பாடு? அப்பா பார்த்துப்பார்" என்பாள் அம்மா.

அதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கிருந்த இரைச்சலில் அவர் பங்குப் பேச்சும் தீர்ந்துபோய்விட்டது என்று வீட்டில் கேலி செய்வோம். எதைச் சொன்னாலும் ஒரு "ம்". பேப்பரோடு ஊஞ்சலில் சாய்ந்தால் பேப்பர் மட்டும்தான் விழித்திருக்கும். இவரை நம்பி அம்மாவை எப்படி விடுவது?

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். அக்கம்பக்கத்து வைஃபைகள் என் கணினியில் வரிசையாகத் தெரியும், பாதிக்குப் பெருமாள் பெயர். எல்லோரும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கிறோமோ என்று எங்களுடையதை மாற்றினேன். பழைய கணினிமேல் சந்தேகப்பட்டு என்னுடையதை அங்கே வைத்துப் பார்த்தேன். சிக்னல் கோடுகளைப் பார்த்தபடி, மடிக்கணினியை இரண்டு கைகளிலும் ஏந்தி, கூடத்தில் பிரதட்சிணம் வந்தேன். முன்னறையில் கோடுகள் முழுசாக இருந்தன. அம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் ஒன்றுதான் மிஞ்சியது. சுவரைத் திட்டினேன். ஆனால் சாயங்காலமும் அதே சுவர்தானே இருக்கிறது? சர்வீஸ் ஆள் ஒரு சாயங்காலம் வந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. "நல்லாத்தான இருக்குங்க மேடம்" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பா நாள் முழுக்கத் தண்ணீருக்காக வெளியே அலைந்தார். அன்று காலையிலிருந்து படம் நிற்கவே இல்லை. அம்மா தூங்கினாள், புரண்டாள், கொட்டாவியை முழுசாக விட்டு முடித்தாள். மறுநாள் தண்ணீர் வந்தது. படம் நின்றது.

அப்போதுதான் கூடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். அந்தக் காலத்தில் விளக்கு வைத்த சுவர்மாடத்தில் வைஃபை பெட்டி. அதற்கும் அம்மா அறை வாசலுக்கும் நடுவே ஒரு பெஞ்சு. பெஞ்சின்மேல் குடத்தின்மேல் குடமாக, வாய்வரை தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடங்கள். மாடம் அவற்றுக்குப் பின்னால் மறைந்தே போயிருந்தது. பித்தளையும் தண்ணீரும் சேர்ந்து தடுத்தால் எந்த அலை தாண்டி வரும்? குடங்கள் காலியாகக் காலியாக ஒவ்வொன்றாகக் கொல்லைக்குப் போகும். சாயங்காலம் பெஞ்சு வெறுமையாகிவிடும். படமும் தெளிந்துவிடும்.

தினமும் பத்து தடவை அந்தக் குடங்களைச் சுற்றிக்கொண்டு போனவள்தான் நான். ஆனால் அது மடித் தண்ணீர். குளித்து, மடி வேஷ்டி கட்டிய அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. சின்ன வயதிலிருந்து தொடக்கூடாது என்று பழகிய ஒன்றைச் சந்தேகப்படவும் தோன்றாது போலிருக்கிறது.

"குடத்தையெல்லாம் சமையலறைக்கே மாத்திடலாமாப்பா? முன்னே அங்கேதானே இருந்தது?" என்று கேட்டேன்.

அப்பா திரும்பி அம்மாவின் அறை வாசலைப் பார்த்தார். "அங்க வெச்சா அவளுக்குத் தெரியாது" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பிரசங்கம்.

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. காலையில் குடங்கள் நிறைந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அம்மாவுக்கு அன்றைய நாள் தொடங்கும். நடக்க முடியாதவளுக்காக அப்பா குடங்களை அவள் பார்வைக்கு நகர்த்தியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்த அன்றே செய்திருக்கிறார். அதே அன்றுதான் நான் கணினியை வைத்தேன்.

அதனால் குடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அம்மா அறையின் கதவு நிலைக்கு மேலே ஆணியடித்து, மட்டம் பார்த்து, அப்பா ஒரு பலகை பொருத்திக் கொடுத்தார். வைஃபை பெட்டி அதில் ஏறியது. மறுநாள் காலையில் படம் தண்ணீராய் ஓடியது.

அன்று மத்தியானம், வேலைக்கு நடுவே, மூலையிலிருந்த சதுரத்தில் ஏதோ அசைந்தது. அப்பா ஒரு வெள்ளி டம்ளரில் தண்ணீரோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா குடித்து முடித்ததும் பேசத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. "இன்னிக்கு யானை லேட்டு. பாகன் அதுகிட்ட கெஞ்சறான், அது கரும்புக்கடையை விட்டு நகர மாட்டேங்கறது" என்று சொல்லி, யானையைப் போலத் தலையை ஆட்டிக் காட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் யார்?

பிறகு அவர் எழுந்து குனிந்தார். அம்மா அவர் தோள்களில் இரண்டு கைகளையும் வைத்து, மெல்ல, எழுந்து நின்றாள்.

"விட்டுடாதேங்கோ."

"எங்க விடப்போறேன்? வா."

அவர் பின்பக்கமாகவே அடிவைத்து நடக்க, அவள் முன்னால் அடிவைத்து, இருவரும் ஜன்னல் வரை போனார்கள். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். படம் நின்றுபோய் நான் பயந்து செத்த மத்தியானங்களிலெல்லாம் அந்த அறையில் இதுதான் நடந்திருக்கிறது. நான் ஓடிவரும் சத்தம் கேட்டதும் அவளை உட்கார்த்திவிட்டு, அவர் மறுபடி "ம்" ஆகியிருப்பார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சதுரத்தை மூடினேன்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் இணைப்பை நானே துண்டித்துவிடுகிறேன்.

ஒரு சாயங்காலம் அம்மா கேட்டாள், "ஏண்டி, மத்தியானம் மட்டும் ஸ்டூல்ல இருக்கற இந்தக் கம்ப்யூட்டர்ல விளக்கு அணைஞ்சுடறதே? இன்னும் சரியாகலையா?"

"குடம் மறைக்கறதும்மா" என்றேன்.

"மறைச்சா மறைச்சுட்டுப் போறது. அப்பாவை ஒண்ணும் சொல்லாதே."