சாமிக் கிடாவின் கால்

அம்சவள்ளிக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் பயம், புருஷன் பழனிவேல் எறையூருக்குக் கரும்பு வெட்டப் போனால் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மாமியார் பொன்னாயி கேலி செய்வாள். ஆனால் சோள விஷயத்தில் அவள் பயந்தது தப்பே இல்லை.

விக்கிரமங்கலத்துப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் புன்செய். எண்பத்திரண்டில் மழை பொய்த்து, சோளம் கதிர் வாங்காமலே காய்ந்தது. அறுத்த தட்டையை அம்சவள்ளி வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டாள். ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். அப்புறம்தான் போர் போடலாம். ஈரம் மிச்சமிருந்தால் பூசணம் பிடித்துவிடும். கோடைக்கு அந்தப் போரை விட்டால் ஆடுகளுக்கு வேறு கதி இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு தூறல். அறுத்த கட்டைகளில் பச்சைப் பசேலென்று குருத்து கிளம்பியது. காய்ந்த சோளத்தின் குருத்து விஷம். தின்ற ஆடு பட்டி திரும்பாது. பட்டியின் படலை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினாள்.

படலைக் கட்டலாம், சாமிக் கிடாவைக் கட்ட முடியுமா? பழனிவேல் காமாலையில் கிடந்தபோது, அவன் பிழைக்க வேண்டுமென்று பொன்னாயி கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. யாரும் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. ஊர்க் காடெல்லாம் மேய்ந்து திமிர் ஏறிக் கிடந்தது.

ராத்திரி பட்டியில் வந்து படுத்திருந்த அது, ஒரு நாள் காலையில் படலை முட்டிச் சாய்த்துவிட்டுக் குருத்தைப் பார்த்து நடந்தது. பட்டி ஆடுகள் மொத்தமும் பின்னால். அம்சவள்ளி பார்த்துவிட்டாள். தட்டை புரட்டும் கோலோடு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"சாமி கிடாடி! கை வச்சிடாத! ஒம் புருஷன் உசுருக்கு நேந்துகிட்டது!" பொன்னாயி அலறினாள்.

"அத்தனையும் செத்துப் போயிடுமே, அத்தே!"

கிடா முட்டக் குனிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கோலை வீசினாள். முன்னங்கால் முறிந்தது. மற்ற ஆடுகள் மிரண்டு திரும்பி ஓடின; ஒன்றுகூடச் சாகவில்லை.

ஊனமான கிடா சாமிக்கு ஆகாது. பொன்னாயி வேறு குட்டியை நேர்ந்துவிட்டாள். மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பழனிவேலோ சிரித்தான். "என் உசுரவிட ஒனக்கு ஆடு பெருசாப் போச்சா?" விளையாட்டுக்குத்தான் கேட்டான். பாவி, கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் அவளுடைய பயமெல்லாம், கிடா போனால் அவனும் போய்விடுவான் என்ற ஒரே பயமாகிவிட்டது. தினமும் போரிலிருந்து உருவும் முதல் கைப்பிடித் தட்டை அந்த நொண்டிக் கிடாவுக்குத்தான். தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். ஒரு வேளை அது தீனி எடுக்காவிட்டால், எறையூர் பஸ் வரும்வரை ரோட்டைப் பார்த்தபடியே இருப்பாள்.

வருஷங்கள் போய், கிழடு தட்டிய கிடா ஒரு மத்தியானம் வாயில் தட்டையோடு செத்துக் கிடந்தது. அம்சவள்ளி அழவில்லை. போட்டது போட்டபடி கிளம்பி எறையூருக்குப் பஸ் ஏறினாள். கரும்புக் காட்டில் வெட்டிக்கொண்டிருந்த பழனிவேல் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன புள்ள, இங்க வந்துட்ட?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.