ஐந்தருவியில் தூக்கிய கார்

பகல் 12.40. சிவகிரியில் மாமனார் வீட்டு வாசலிலேயே தகராறு. மைத்துனன் மாரியப்பனின் கறுப்பு டிரங்குப் பெட்டி எங்கள் காரின் டிக்கிக்குள் போக மாட்டேன் என்றது. அவன் பட்டாளத்துக்காரன், ஆறடி ஆள். விடுமுறை முடிந்து எல்லைக்குத் திரும்புகிறான். மாலை 6.30க்குத் தென்காசியில் சென்னை ரயில். அதை விட்டால் சென்னையிலிருந்து வடக்கே போகிற ரயிலும் போய்விடும். குறித்த நாளில் போய் நிற்காவிட்டால் தண்டனைதான். பெட்டியைப் பின்சீட்டில் என் மனைவி பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் ஏற்றினோம். அவன் முன்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான்.

“அத்தான், இத வண்டின்னு யாரு ஒங்ககிட்ட சொன்னா?”

“லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்குது மாப்ள, சும்மா இல்ல” என்றேன்.

தென்காசிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அறுநூறு ரூபாய் பெட்ரோலில் போய்த் திரும்பிவிடலாம். அது என் சந்தோஷம். நேரம் என் கவலை. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

மணி 2.30. தென்காசி வந்தாயிற்று. நேரே ஸ்டேஷனுக்கு விடலாம் என்றால் மாரி கேட்கவில்லை.

“சீசன்ல அருவியில தல நனைக்காம ரயில் ஏறுனா மனசு கேக்காது அத்தான். ஒரே ஒரு குளியல்.”

பத்துக் கிலோமீட்டர்தான் ஐந்தருவி. அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. கேரளப் பஸ்கள், வேன்கள், நடு ரோட்டில் ஈரத்துண்டோடு நடக்கும் ஜனம். பெரிய வண்டிகள் நின்ற இடத்தில் நாங்கள் இண்டு இடுக்கில் நுழைந்து போனோம்.

அங்கே வண்டி நிறுத்த ஒரு வழக்கம் உண்டு. குறுக்கே நிறுத்துகிறவர்கள் நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டியவர் தள்ளிக்கொள்வார். அந்தத் தைரியத்தில் நான் சுவரோரம் விட்டேன்.

மணி 4.20. மாரி குளித்துவிட்டு வந்தான். பேச்சி அவன் கையில் ரம்புட்டானை உரித்துக் கொடுத்தபடி, “இன்னொரு தடவ குளிச்சிட்டுத்தான் வாயேம்லே” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் இன்னொரு தடவை போனான்.

மணி 5.05. எங்கள் காருக்குப் பின்னால் குறுக்கே ஒரு பெரிய கார், ஏழு பேர் உட்காருகிற ரகம். தள்ளினோம், அசையவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் ஹேண்ட்பிரேக் தூக்கியே இருந்தது. கண்ணாடியில் போன் நம்பர் இல்லை. வெளியூர் மனிதர், வழக்கம் தெரியாமல் பூட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அருவிக் கூட்டத்தில் அவரை எங்கே தேட?

“அண்ணாச்சி, ஆறரைக்கு ரயில், பட்டாளத்துக்குப் போற பையன்” என்று பார்க்கிங் பார்க்கிறவரிடம் கெஞ்சினேன். அவர் எங்கள் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இது என்ன எடை இருக்கும்?”

“எழுநூத்தம்பது கிலோவுக்குள்ளதான்.”

“பொறவு என்னத்துக்குப் பதறுதீய? பின்பக்கத்தத் தூக்கித் திருப்பிருவோம்.”

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவி வரிசைக்குக் கிளம்பிய ஆறு பேரைக் கூப்பிட்டார். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய். மாரி பெட்டியை இறக்கிவிட்டு அவர்களோடு சேர்ந்தான். தூக்கினார்கள், கை வழுக்கிக் கார் தொப்பென்று விழுந்தது. ஐயோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏலே, கைய மண்ணுல தேய்ங்கலே!” என்றார் அண்ணாச்சி.

தேய்த்தார்கள். இரண்டாம் தடவை பின்பக்கம் எழும்பியது, நாலடி நகர்ந்தது. மூன்றாம் தடவை பழக்கடைக்கும் பலாமரத்துக்கும் நடுவே இருந்த இடுக்கைப் பார்த்து நின்றது. கடைக்காரர் கூடைகளை இழுத்துக்கொண்டார். கண்ணாடிகளை மடக்கி, ரிவர்ஸில் வெளியே வந்தேன். வேறு எந்த வண்டியும் அதற்குள் நுழைந்திருக்காது.

மணி 6.26. தென்காசி ஸ்டேஷன். ஈரத்தலையோடு, பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ரயில் வந்து நின்றது. ஏறினான், கை காட்டினான், போய்விட்டான்.

மணி 6.45. சிவகிரிக்குத் திரும்பும் வழியில் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. மதுரையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெரிய கார் வாங்கி, நிறுத்த இடமில்லாமல் சண்டை போடுகிறார்கள். அவர்கள் இன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

“பெரிய வண்டியா இருந்தா தூக்கியிருக்க முடியுமா, சொல்லு? அங்கயே நின்னிருப்போம். ரயில விட்டிருப்பான்.”

கடையநல்லூர் தாண்டிய பிறகு, பேச்சி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

“பெரிய வண்டியாவே இருந்திருக்கலாம். இன்னும் ஒரு நா இங்கன இருந்திருப்பாம்லா.”