பூட்டுக்கடை வக்கீல்

மூன்று தரம் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைக் கதவோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார். சாவியைத் தொலைத்துவிட்டுக் கையில் காய்கறிப் பையும் நெற்றியில் வியர்வையுமாக நிற்கும் வீட்டுக்காரர், "உள்ள ஆளே இல்லீங்க, நான் ஒண்டிக்கட்டை" என்று இரண்டாம் முறையாகச் சொல்லிப் பார்ப்பார். "இருக்கட்டும் சார், இன்னும் ஒரு நிமிஷம்" என்பார் இவர். அதோடு விட்டாரா? எதிர்வீட்டு மணியை அடிப்பார். அங்கிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "ஆமா, இவருக்கு இந்த வீடுதான்" என்று வாய் திறந்து சொன்னால்தான் இவருடைய கருவிப் பையின் ஜிப் திறக்கும்.

இத்தனை குறுக்கு விசாரணை செய்வதால் வட்டாரத்தில் அவருக்கு வக்கீல் என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற கடை. பேசும்போதெல்லாம் கை சாவியை அராவிக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்கும்போது மட்டும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். "டூப்ளிகேட்டா? யார் வீட்டுச் சாவி? வீட்டுல சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு வந்தீங்களா?" கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனவர்கள் நிறைய. போகட்டுமே என்பார்.

ஒருநாள் தன் வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டு வாசலில் நின்றார் மனிதர். மனைவி உள்ளிருந்து, "எதிர்வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லுங்க, நீங்க என் புருஷன்தான்னு" என்றுவிட்டார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த மனைவிக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்து கூப்பிட்டான். மரியாதையான பேச்சு. சாவி தொலைந்துவிட்டது என்றான். இவர் போய் இரண்டே நிமிடத்தில் பூட்டைத் திறந்தார். தன் கைவேகத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமை. திறந்த கதவுக்குள் ஒரு பெண் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. அவனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தாள். "ஏன்ணா திறந்தீங்க?" என்றாள். அவன் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். இவர் படியிறங்கி வந்துவிட்டார். ஆமாம், வந்துவிட்டார். மறுவாரம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தால் வீடு காலி. அவள் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. "நான் பூட்டைத் திறக்கலடி, அந்தப் பொண்ணைப் பிடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்று மனைவியிடம் ஒரே ஒரு முறை சொல்லி அழுதிருக்கிறார்.

போன மாதம் ஒரு காலை வேளையில் இன்னொருவன் வந்தான். மூன்றாவது மாடி வீடு. வாடகை ஒப்பந்தத்தைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தான். அவன் பெயர்தான் இருந்தது. வக்கீல் வழக்கம்போலத் தட்டினார். மூன்றாவது தட்டுக்கு உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"யாரும்மா உள்ள?"

"திறக்காதீங்க." சின்னப் பெண்ணின் குரல், பதினைந்து வயதிருக்கும். "நான் மட்டும்தான் இருக்கேன். அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. அம்மா அவர்கிட்ட சாவியைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பிட்டாங்க. திறக்காதீங்க ப்ளீஸ்."

"என் பொண்டாட்டியோட பொண்ணு. அடம். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றான் அவன்.

"என் வேலையைத்தான் பாக்கறேன்" என்று வக்கீல் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய தைரியம் என்று நினைக்க வேண்டாம். நின்றால் ஒரே தள்ளில் விழுவோம் என்றுதான் உட்கார்ந்தார். அவன் இவரைவிட இரண்டு பங்கு இருந்தான். உட்கார்ந்தபடியே, "எதிர்வீடு! மேல்வீடு! யாராவது வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்து அப்படியே நின்றது. "நமக்கெதுக்குங்க வம்பு" என்று மெல்லிய குரல் வந்தது.

வக்கீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உள்ள ஒரு குழந்தை நடுங்கிட்டிருக்கு. நீங்க சண்டை போட வேணாம், ஒண்ணும் பண்ண வேணாம். வெளிய வந்து நில்லுங்கம்மா, அது போதும்!"

அந்த அம்மா வந்து நின்றார். மேல்வீட்டு டிரைவர் லுங்கியோடு இறங்கி வந்தார். பெண்ணின் அம்மா போன் எடுக்கவில்லை என்று தெரிந்ததும், வேலை செய்யும் இடத்தை உள்ளே இருந்த பெண்ணிடம் கதவு வழியாகவே கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். எதிர்வீட்டு அம்மா போலீசுக்குப் போன் போட்டார். அதற்குள் கீழ்வீட்டுக்காரர்களும் படியேறி வந்துவிட, வந்தவனின் குரல் ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசியில் ஆளும் இறங்கிப் போய்விட்டான்.

பெண்ணின் அம்மா டிரைவரோடு ஓடிவந்தார். பெண் போலீஸ் ஒருவர் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். யாரும் கேட்காமலேயே எதிர்வீட்டு அம்மா, "சத்தம் கேக்கும் மேடம். ரொம்ப நாளா கேக்கும். நாங்க டிவி சவுண்டைக் கூட்டி வெச்சுக்குவோம்" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதையும் போலீஸ் எழுதிக்கொண்டார்.

வக்கீல் பழைய பூட்டைக் கழற்றிப் புதுசு போட்டார். உள்பக்கம் இரண்டு விரல் கனத்தில் ஒரு தாழ்ப்பாள். சாவிகள் அத்தனையையும் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"பாப்பா, பூட்டித் தாழ்ப்பாளும் போட்டுக்கோ. நான் இங்கருந்து தள்ளிப் பாக்கறேன். பயந்துக்காதே, நான்தான்."

தோளைக் கொடுத்து முட்டினார். கதவு அசையவில்லை.

"நீங்க ஒல்லியா இருக்கீங்க" என்றது உள்ளிருந்து அந்தக் குரல். "அவர் இன்னும் பலமா தள்ளுவாரு."

வக்கீல் படிக்கட்டில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஒரு அடி முன்னே வந்தார். எதிர்வீட்டு அம்மா அவரை முந்திக்கொண்டு வந்து, வக்கீலுக்குப் பக்கத்தில் கதவில் தன் தோளை அழுத்தமாகப் பதித்து, "சொல்லு கண்ணு, தள்ளட்டுமா?" என்றார்.