கைக்குப் பழகிய கனம்

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தார். முப்பது வயதிருக்கும். பனியில் கறுத்து வெடித்த கன்னம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் வலது கை தோளுக்குப் போய், அங்கே இல்லாத வாரைச் சரிசெய்தது. நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"துப்பாக்கி தொங்குற எடம்ணே. ஒம்பது வருசமா எஸ்.எல்.ஆர். துப்பாக்கிதான். லீவு முடிஞ்சு போனதும் அத வாங்கிக்கிட்டுப் புதுசு குடுக்காக."

"புதுசுன்னா நல்லதுதான தம்பி?" என்றேன் கூச்சத்தோடு.

"நல்லதுதாம்ணே. கனம் கொறச்சல், மலையேறச் சொகம். ஆனா பழைய கனத்துக்குத் தூக்கிப் பழகுன கை, புதுச வெரசாத் தூக்கிரும். குறி மேல போயிரும். கை பழக ரெண்டு மாசம் வேணும். எனக்குப் போனதுமே எல்லையில காவல். எதிர்ல நிக்கவன் அதுவரைக்கும் பொறுப்பானா?"

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்.

"நீங்க என்ன வேலைண்ணே?"

"சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுறேன்."

"சரியாப் போச்சு. நாம ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மெண்டு!"

அவர் சத்தமாகச் சிரித்தார். என்னால் முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இறங்கும்போது, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த இரண்டு மாதம் அவருக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. பேண்டேஜ் துணி சல்லடை மாதிரி இருக்கும்; ஓர் இழை அறுந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றிலிருந்து நான் மட்டும் தறியை நிறுத்தி, அறுந்ததை முடிச்சுப் போட்ட பிறகே ஓட்டுகிறேன்.