இளமதி சொன்ன அபிப்பிராயம்

இளமதிக்குச் சினிமாப் பைத்தியம் என்று கீரமங்கலம் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தியேட்டருக்குப் போனதே மொத்தம் நாலு தடவை. அதில் ஒரு தடவை கரண்ட் போய்ப் பாதியில் திரும்பிவிட்டாள். அவளுக்கு இருந்தது பேச்சுப் பைத்தியம். பேச ஆளில்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குச் சினிமா ஒரு சாக்காகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார், இப்போது விட்டால் இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று அரக்கப்பரக்கக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளை வசந்தகுமார் நல்லவன்தான். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. கல்யாணம் முடிந்து இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறிவிட்டான். திரும்பி வந்து தென்னையைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கஜா புயலில் அறுபது தென்னையும் வேரோடு சாய்ந்த பிறகு அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பக்கமே அப்படித்தான். ஆண்கள் வெளிநாட்டில், பெண்கள் பூக்கொல்லையில். இளமதியும் விடியற்காலையில் மாமியாரோடு முல்லை பறித்து, ஒன்பது மணிக்குள் கீரமங்கலம் பூக்கடையில் போட்டுவிட்டு வருவாள். நடுவில் இனியா பிறந்து, இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறது.

ஆரம்பத்தில் போனில் பேச இருவருக்கும் ஒன்றுமே இருக்காது. வெயில், அம்மாவின் மூட்டுவலி, கரண்ட் பில் மூன்றையும் விசாரித்து முடித்தால் இரண்டு பக்கமும் கம்மென்று ஆகிவிடும். தெரிந்த ஆளாக இருந்தால் சண்டையாவது போடலாம். இவர்கள் ஒருவரையொருவர் அந்த அளவுக்குக்கூடத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அவனுக்கு அன்றுதான் வாரவிடுமுறை, ஒரு படம் பார்த்ததாகச் சொன்னான். அதை அவளும் பார்த்திருந்தாள்.

"கடைசில எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றான்.

"அந்த எடத்துலயா? எனக்குச் சிரிப்புல்ல வந்துச்சு" என்றாள்.

அன்றைக்கு அரைமணி நேரம் பேசினார்கள். அடுத்த வெள்ளிக்கும் ஒரு படம் பேசி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு வெள்ளி தவறியதில்லை. ஒரே படத்தை அவன் அங்கே பார்ப்பான், இவள் இங்கே பார்ப்பாள், சாயங்காலம் வழக்கு நடக்கும். அப்பா செத்துப்போகிற படம் என்றால் அவன் உடைந்துபோவான் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். கதாநாயகன் கதாநாயகியை ஓர் அறை விட்டுத் திருத்துகிற படத்தை அவள் பாதியில் அணைத்துவிடுவாள் என்பது அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவனுக்கு ஆகப் பிடித்தது அண்ணன் தம்பி மூன்று பேர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சேருகிற ஒரு பழைய படம். அதில் வருகிற பெண்களுக்கெல்லாம் சமையலறையை விட்டு வெளியே வரத் தெரியாதா என்று கேட்டு அவள் மூன்று வெள்ளிக்கிழமை சண்டை போட்டாள். அவளுக்குப் பிடித்தது யாருக்கும் தெரியாத ஒரு சின்னப் படம். பரீட்சையில் தோற்றுப்போன ஒரு பெண் வீட்டுக்கு வந்து, அழாமல், தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவாள். அந்த ஒரு காட்சியைப் பற்றி அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, "ஒன்னையப் படிக்க விட்டுருக்கணும்" என்று வசந்தகுமார் சொன்னான். கல்யாணம் ஆகி ஏழு வருடத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கு முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலை நேரம் மாறி மாறி வந்ததால் பிறகு அவளை வாய்ஸ் போட்டு அனுப்பச் சொன்னான். படம் பார்த்து முடித்ததும் மூன்று நான்கு நிமிடம் வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். வினை அங்கே பிடித்தது. வசந்தகுமாருக்கு அவள் பேச்சில் பெருமை. "எம்பொண்டாட்டி பேசுறதைக் கேளுங்கடா" என்று ரூமில் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள் ஆறு பேர் இருக்கிற ரூம். வெள்ளிக்கிழமைக் கறி கொதிக்கும்போது இளமதியின் வாய்ஸ் ஓடுவது அங்கே ஒரு வழக்கமாகிப்போனது. அறையில் மூத்தவர் ஆத்மநாதன் அதற்கென்றே ஒரு குரூப் ஆரம்பித்து, ஊரில் இருக்கிற அவரவர் வீட்டு ஆட்களையும் சேர்த்தார். நாற்பத்து மூன்று பேர். இளமதி பேசுவது வசந்தகுமாருக்கு. அவன் அதை உடனே குரூப்பில் தள்ளிவிடுவான். சாப்பிடும்போது எல்லாரோடும் சேர்ந்து அவனும் கேட்பான். இளமதிக்கு இது தெரியும். கூச்சமாக இருந்தாலும் பிடித்துத்தான் இருந்தது. ஆத்மநாதனின் மனைவி ராஜலட்சுமி சந்தையில் பார்த்து, "நீ நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நான் படத்தையே போடுறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டபோது மறுக்கவா தோன்றும்.

போன வைகாசியில் அந்தப் படம் வந்தது. கடலோர ஊர் ஒன்றில் வெளிநாட்டுக்காரன் மனைவி ஒருத்தி. தினமும் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று கடைக்காரனோடு பேசுவாள். வெறும் பேச்சு. புருஷன் லீவில் வருகிறான், யாரோ காதில் போடுகிறார்கள், அவன் கேட்கக் கூடாததைக் கேட்கிறான். அவள் வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறுகிறாள். படம் முடிந்தது.

காலையிலேயே குரூப்பில் அந்தப் படத்துப் பெண்ணைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓடுகாலி என்றார் ஒருவர். இந்த மாதிரிப் படம் எடுக்கிறவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்றார் ஆத்மநாதன். இளமதி குரூப்பைத் திறக்கவே இல்லை. மத்தியானம் படத்தைப் பார்த்தாள். பார்த்த மனசு ஆறுவதற்குள், கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு புருஷனுக்கு வாய்ஸ் போட்டாள்.

"ஏங்க, பார்த்துட்டேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு. அவ செஞ்சதுல ஒரு தப்பும் எனக்குத் தெரியல. அவ அந்த ஜெராக்ஸ் கடைக்காரன்கூடப் போகலங்க, நல்லாப் பாருங்க, அக்கா வீட்டுக்குல்ல பஸ் ஏறுறா. அவன் என்ன செஞ்சான், இவ பேசுனதைக் காது குடுத்துக் கேட்டான், அம்புட்டுத்தான். அப்பறம் ஒரு எடம். புருசன் பெட்டியோட வாசல்ல வந்து நிக்கயில, இவ யாரோன்னு ஒரு நிமிசம் பார்ப்பாளே, அது அப்படியே நெசம். போன தடவை நீங்க வந்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சொல்லணும்னு நெனச்சு நெனச்சு வாய் வரல. நாப்பது நாள் இருந்தீங்க. ஒங்களை எனக்குப் பழகவே முப்பது நாள் ஆச்சு. பழகுன பத்தாம் நாள் கெளம்பிட்டீங்க. ஒங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா? மறைக்காமச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. எப்போதும்போல குரூப்புக்குப் போகும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள், அதுதான் நடந்தது. கேட்டால் அவனே விளங்கிக்கொண்டு தன்னிடமே வைத்துக்கொள்வான் என்று உள்ளுக்குள் நம்பியிருக்கலாம். வசந்தகுமார் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தான். கண் விழித்து, மனைவி பேரைப் பார்த்தான், குரூப்பில் தள்ளினான், புரண்டு படுத்துத் தூங்கிவிட்டான்.

அவன் எழுந்தபோது அறையில் ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆத்மநாதன் மட்டும் சட்டியைக் கிளறிக்கொண்டே, "இந்தத் தடவை போனா முப்பது நாள் எங்கிட்டாவது லாட்ஜுல தங்கிட்டுப் போப்பா, பழகுன பெறகு வீட்டுக்குப் போகலாம்" என்றார். அறையே சிரித்தது.

ஊரில் அதற்குள் வேலை நடந்து முடிந்திருந்தது. கொழுந்தன் திருமுருகன் கீரமங்கலத்திலிருந்து பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தான். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த மாமியார் அழகம்மாள் முன்னால் போனை வைத்து, முழுச் சத்தத்தில் வாய்ஸைப் போட்டான். தன் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து வந்த இளமதி, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் குரலில் இருந்த நெருக்கம் அவளுக்கே கூசியது. துணியில்லாமல் தெருவில் நிறுத்தியதுபோல் இருந்தது.

"எம்புள்ளை ஒனக்கு யாரோவா?" என்றாள் மாமியார்.

"அது படத்தைப் பத்திச் சொன்னேன் அத்தை."

"படத்துல நாப்பது நாளுன்னா வருது? ஒன் கதையைல்ல பாடியிருக்க."

திருமுருகன் குறுக்கே விழுந்தான். "அண்ணி, எங்க அண்ணன் அங்கிட்டு வெயில்ல வேகுறாரு. நீங்க இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து ஓடிப்போனவளுக்கு வக்காலத்து வாங்குறீங்க. நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கிறது?"

வசந்தகுமார் கூப்பிட்டபோது வீட்டில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.

"யாரு?" என்றான்.

"என்ன யாரு?"

"அவளுக்கு ஜெராக்ஸ் கடை. ஒனக்கு யாரு, பூக்கடையா?"

பூக்கடையில் எடை போடுகிற பெரியகருப்பனுக்கு அறுபது வயது, காதும் மந்தம். அதைச் சொன்னால் பதில் சொன்னதாக ஆகிவிடும் என்று இளமதி வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைலருந்து அம்மா பூ கொண்டு போகட்டும். நீ போக வேணாம்."

"நான் ஒங்களுக்குத்தான் பேசுனேன். நீங்கதான் ஊருக்கு அனுப்புனீங்க. கேட்டுட்டு அனுப்பியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"எப்பவும் அனுப்புறதுதான. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். சரி, படத்தையாவது முழுசாப் பார்த்தீங்களா?"

"இண்டர்வெல்லுலயே தூங்கிட்டேன். அதை எதுக்குப் பாக்கணும், அதான் எல்லாரும் சொன்னானுங்கள்ல" என்றான். பிறகு சாவதானமாக, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். அவள் குரூப்புக்கு இன்னொரு வாய்ஸ் போட வேண்டும். படம் தப்பு, அந்தப் பெண் செய்தது தப்பு, தான் முதலில் பேசியது தப்பு.

"நான் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, போடுறேன். ஒங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

ஆறு வாரம் அவளோடு பேசவில்லை. அம்மாவுக்குப் போன் வரும், இனியாவுக்குப் போகும், அப்படியே அணைந்துவிடும். பூக்கடைக்குப் போகிற வேலை நின்றதில், அவள் ரோட்டைப் பார்ப்பதும் நின்றது. ராஜலட்சுமி அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறாளாம். மாமியாரே வந்து சொன்னாள். ராஜலட்சுமிக்கும் புருஷன் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறான். அவளுக்கு மட்டும் வந்த அன்றே பழகிவிடுகிறதா என்ன? கேட்டால் கொன்றுவிடுவாள். இளமதிக்கு ஊரார் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. தன்னைத் தெரிந்த ஒரே ஆள் என்று யாரை நினைத்திருந்தாளோ, அவன் மேல் வந்த கோபம் மட்டும் ஆறவே இல்லை.

ஆறாவது வாரம் அழகம்மாள் அடுப்படிக்கு வந்து நின்றாள். வசந்தகுமார் ஆவணி லீவுக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்யப்போகிறானாம். இனியா பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அப்பா வருகிறார் என்று சொல்லி வைத்திருந்தது.

"ஒரு வாய்ஸுதான. போட்டுவிட்டா என்ன கொறஞ்சு போயிருவ?" என்றாள் மாமியார். அவள் குரலில் கோபம்கூட இல்லை, கெஞ்சலாகத்தான் இருந்தது. "எனக்கும் வயசாச்சு, ஆத்தா. அவன் வரட்டும்."

இளமதி போட்டாள். நாலு தடவை பேசி அழித்து, ஐந்தாவது தடவை ஒருவழியாக வந்தது. அந்தப் படம் குடும்பத்துக்கு ஆகாது, அந்தப் பெண் செய்தது தப்பு, நான் தெரியாமல் பேசிவிட்டேன், எங்கள் வீட்டுக்காரர் வந்தால் எங்களுக்குத் தீபாவளிதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பத்து மூன்று பேரில் முப்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ராஜலட்சுமி இரண்டு கையும் கூப்பி அனுப்பினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வசந்தகுமாரே கூப்பிட்டான். ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு புதுப்படத்தின் பேரைச் சொல்லி, பார்த்தாயா என்றான். ரூமில் அவள் வாய்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்களாம்.

"நீங்க பார்த்துட்டீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். அருமையான படம்."

"எந்த எடம் நல்லாருந்துச்சு?"

"அம்மா செண்டிமெண்ட்டுதான். கடைசில மருமக வந்து மாமியா கால்ல விழுவா. ரூமே அழுதுருச்சு."

"வேற?"

"தம்பியா வர்றவன் காமெடி. பாட்டு ரெண்டும் பரவால்ல. ஏன், நீ இன்னும் பாக்கலயா?"

"நீங்க சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் ஊம் கொட்டிக்கொண்டே கேட்டாள். போனை வைத்ததும், அந்தப் படத்தின் ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல், அவன் சொன்னதையெல்லாம் சொன்ன வரிசையிலேயே பேசி அனுப்பினாள். மருமகள் காலில் விழுகிற இடத்தில் தானும் அழுததாகச் சொன்னாள்.

வசந்தகுமார் இந்தத் தடவை அதை இரண்டு முறை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் குரூப்பில் போட்டான். பிறகு அவளுக்குத் தனியாக ஒரு வாய்ஸ் அனுப்பினான்.

"இத்தனை வருசத்துல நீ பேசுனதுலயே இதுதான், இளமதி, மனசுலருந்து வந்துருக்கு."