இருபத்திரண்டாம் பக்கத்தின் பிழை

லூசியா டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. நெல்லித்தோப்பில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய தம்பி மகன் கடைக்குள் வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "அண்ணே, அத்த காலைல தவறிட்டாங்க. போஸ்டர் அடிக்கணும்" என்றார். பெயரை அடித்துவிட்டு மூன்று முறை சரிபார்த்தேன். இவர் விஷயத்தில் இன்னொரு பிழை கூடாது என்ற பயம். அந்தப் பயத்தின் காரணத்தைச் சொல்லத்தான் நம் ஆலயப் பங்கு இதழில் இதை எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் அவரிடம் வரலாறு படித்தவர்கள் உங்களில் நிறையப் பேர். நான் படித்ததில்லை. எங்களைச் சேர்த்து வைத்தது நம் ஆலயத்தின் நூற்றாண்டு மலர். கட்டுரைகளை அவர் வாங்கித் திருத்தித் தருவார், நான் பக்கம் கட்டுவேன். என்னை 'முசே' என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் கூப்பிடுவார். இந்த முகத்துக்கு அந்த மரியாதை அதிகம் என்று என் மனைவி சிரிப்பாள்.

ஒருநாள் பக்கம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னார். நான் முனகினேன். உடனே தரங்கம்பாடிக் கதையை எடுத்துவிட்டார். "அங்கதான் மொத மொத பைபிள தமிழ்ல அடிச்சாங்க. ஜெர்மனிலேந்து வந்த எழுத்து பெருசு பெருசா இருந்துச்சு. அதுல அடிச்சா காயிதம் பத்தாது. அதனால சீஸ் டப்பா ஈயத்த உருக்கி, சின்ன எழுத்தா வார்த்தாங்க முசே. நீங்க மவுஸ அமுக்கறதுக்கே இவ்ளோ அலுத்துக்கறீங்க!" நான் எழுத்தைக் குறைத்தேன்.

கவனியுங்கள். முதல் பைபிள் எங்கே அச்சானது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அன்றே சொல்லிவிட்டார்.

அந்த மலரில் அவர் எழுதிய கட்டுரை நம் ஊரின் அச்சு இயந்திரத்தைப் பற்றியது. ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கே பிரெஞ்சு கவர்னர் மாளிகையில் இருந்த இயந்திரத்தையும் மதராஸுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வேப்பேரியிலிருந்த புராட்டஸ்டண்ட் மிஷனரிகளிடம் அது போய்ச் சேர்ந்தது. கத்தோலிக்க கவர்னரின் இயந்திரம் அவர்களுடைய தமிழ்ப் பாடல்களையும் ஜெபங்களையும் அடித்தது. அங்கே வளர்ந்த அச்சகம் பின்னாளில் பைபிளையும் அச்சிட்டது. டீச்சர் இதை இவ்வளவு நிதானமாகத்தான் எழுதியிருந்தார்.

எனக்கு அது சப்பென்று இருந்தது. நம் ஊர்ப் பெருமையாயிற்றே! கடைசி ப்ரூஃப் பார்க்க அவர் இல்லை. தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் காரைக்கால் போயிருந்தார். 'தமிழின் முதல் பைபிள் அச்சானது நம் புதுவை இயந்திரத்தில்தான்' என்று நானே மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்.

மலர் வெளிவந்த இரண்டாவது வாரம் கடலூரிலிருந்து ஒரு பாதிரியார் கடிதம் போட்டார். தரங்கம்பாடிப் பைபிள் இதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் மூத்தது என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். பங்குப் பேரவையில் அதை வாசித்தார்கள். டீச்சர் இருபத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினார், படித்தார், என்னை ஒரு முறை பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதான். எம் பேர்ல வந்த கட்டுர, தப்பும் என்னுதுதான்" என்றார்.

திருத்தச் சீட்டு அடித்து வீடு வீடாகப் போய் மலரில் ஒட்ட வேண்டும் என்றும் அவரே சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு என் ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, மூலக்குளம் என்று சுற்றினோம். அவர் கைப்பையில் கோந்து பாட்டில். "பிழைக்குக் கட்டுரையாசிரியரே பொறுப்பு" என்று முடியும் சீட்டை, அவர் கையாலேயே ஒட்டினார். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவருக்கு 'முதல் பைபிள் டீச்சர்' என்று பட்டப்பெயர் வந்தது அப்போதுதான்.

மூலக்குளம் போகும் வழியில் மனசு கேட்காமல், "டீச்சர், அந்த வரி நான் போட்டது" என்றேன்.

"தெரியும் முசே. மூணு பங்குக்காரங்க உங்கள நம்பி வேல குடுக்கறாங்க. எனக்கு பென்ஷன் வருது. நீங்க வண்டிய பாத்து ஓட்டுங்க."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அடக்கத்தின்போது பக்கத்தில் நின்றவர், "முதல் பைபிள் டீச்சர் போயிட்டாங்களே" என்று கண்ணைத் துடைத்தார். அன்பாகத்தான் சொன்னார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிஞ்சிய பழைய சீட்டுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவர் மறந்துவிட்டுப் போன கோந்து பாட்டிலும் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்குத் தங்கியது இவ்வளவுதான்.

இந்த இதழோடு ஒரு புதுச் சீட்டு வைத்திருக்கிறேன். மலரில் பழைய சீட்டின் மேலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். 'லூசியா டீச்சர் எழுதியது சரி. அதை மாற்றியவன் நெல்லித்தோப்பு டி.டி.பி. கடை அந்தோணிசாமி' என்று அதில் இருக்கும். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

ஒட்ட முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே வருகிறேன். அதே வண்டிதான். பின் சீட்டில்தான் ஆள் இல்லை.